பூனையின் காதிலும் தொண்டையிலும் வளரும் சதை: கண்டறிதலும் சிகிச்சையும்

ஒன்றரை வயதுப் பூனை தூங்கும்போது குறட்டை விடுகிறது, சில வாரங்களாகத் தும்முகிறது, சளி மருந்து கொடுத்தால் இரண்டு நாள் குறைந்து மறுபடியும் வந்துவிடுகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் விசாரிப்பது அந்தப் பூனையின் காதைப் பற்றித்தான். மூச்சுத் தொல்லைக்குக் காதை ஏன் கேட்கிறீர்கள் என்று வளர்ப்பவர்கள் வியப்பார்கள். பூனைகளுக்கு மூக்கின் பின்புறத்தையும் தொண்டையின் மேற்பகுதியையும் அடைக்கும் அழற்சிச் சதை பெரும்பாலும் நடுச்செவியிலோ, நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழலிலோ முளைக்கிறது. மருத்துவர்கள் இதைப் பாலிப் என்பார்கள். மற்றவர்கள் சதை வளர்ச்சி என்பார்கள். இதன் வேர் எங்கே இருக்கிறது என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், அறிகுறிகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன, சொட்டு மருந்தால் ஏன் குணமாவதில்லை, அகற்றிய பிறகும் சில பூனைகளுக்கு ஏன் திரும்ப வருகிறது என்பவை எல்லாம் தாமாகவே விளங்கும்.

வேர் இருக்கும் இடம்

செவிப்பறைக்கு உட்புறத்தில், மண்டையோட்டின் அடிப்பக்கத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்புக் குமிழ்கள் உள்ளன. முட்டை ஓட்டைப் போல மெல்லிய சுவர் கொண்ட இவற்றை மருத்துவர்கள் புல்லா என்று அழைக்கிறார்கள். நடுச்செவியின் பெரும்பகுதி இந்த அறைதான். பூனைகளில் இந்த அறையை ஒரு மெல்லிய எலும்புத் தடுப்பு இரண்டாகப் பிரிக்கிறது. அங்கிருந்து புறப்படும் குறுகிய குழல், வாயின் கூரையின் பின்பகுதியான மென்அண்ணத்துக்கு மேலே, மூக்கு தொண்டையோடு சேரும் இடத்தில் திறக்கிறது. நடுச்செவியின் உள்தோலிலோ அந்தக் குழலின் உள்தோலிலோ ஒரு சிறு காம்போடு முளைக்கும் சதை, வெளிப்பக்கம் வளர்ந்தால் செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு காதுத் துவாரத்துக்கு வருகிறது. உட்பக்கம் வளர்ந்தால் குழல் வழியாக இறங்கி மென்அண்ணத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. சில பூனைகளில் இரண்டு பக்கமும் வளரும். சிலவற்றில் இரண்டு காதிலும் இருக்கும்.

இது புற்றுநோய் இல்லை என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் காதுக்குள் கட்டி என்று கேட்டவுடனே நம்பிக்கை இழந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரத்தக் குழாய்கள் நிறைந்த தளர்வான திசுவும், அதில் திரண்ட அழற்சி அணுக்களும், மேலே ஒரு மெல்லிய தோல் போர்வையும் சேர்ந்ததே இந்தச் சதை. இரண்டு மூன்று வயதுக்கு உட்பட்ட பூனைகளிடம் அதிகம் காணப்பட்டாலும், சில மாதக் குட்டி முதல் முதிய பூனை வரை எந்த வயதிலும் வரலாம். ஏன் வருகிறது என்பதற்கு உறுதியான விடை இதுவரை கிடைக்கவில்லை. பிறவியிலேயே எஞ்சிய திசு என்றும், நாள்பட்ட அழற்சியின் விளைவு என்றும், பூனைச் சளியை உண்டாக்கும் வைரஸ்களின் வேலை என்றும் கருத்துகள் உண்டு. எதுவும் முழுமையாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே, வளர்ப்பில் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

சதை தொண்டைப் பக்கம் இருந்தால் மூச்சு சத்தமாக வரும். உறங்கும்போதும், வாய் மூடியிருக்கும்போதும் குறட்டை போன்ற கரகரப்பு கேட்கும். மியாவ் என்ற குரலே மாறிப்போகலாம். மூக்கில் நீரோ சளியோ ஒழுகும். கெட்டியான உணவை விழுங்கும்போது குமட்டிக்கொண்டு பின்வாங்கும். பசியோடு தட்டருகே வந்து, இரண்டு வாய் தின்றுவிட்டு, மூச்சு வாங்க நிறுத்தும். மூக்கடைப்பால் மணம் தெரியாமல் உணவை முகர்ந்துவிட்டுப் போய்விடும் பூனைகளும் உண்டு. இப்படியே பல வாரம் போனால் எடை குறைகிறது.

காதுப் பக்கம் வளர்ந்தால் தலையை உதறுதல், ஒரே காதைப் பின்னங்காலால் சொறிதல், பழுப்பாகவோ சீழாகவோ இரத்தம் கலந்தோ வடிதல், துர்நாற்றம் ஆகியவை தென்படும். வடிதலைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், சில பூனைகளில் இளஞ்சிவப்பாகப் பளபளக்கும் உருண்டை ஒன்று துவாரத்துக்குள் தெரியும். சதை நடுச்செவிக்குள்ளேயே அடைபட்டிருந்தாலோ உட்செவி வரை அழற்சி பரவியிருந்தாலோ, தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நடை தள்ளாடும், கண்மணிகள் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருக்கும், ஒரு கண்ணின் பாவை மட்டும் சுருங்கி, மேல் இமை தொங்கி, மூன்றாம் இமை கண்ணை மூடிக்கொண்டு வரும். இந்தக் கடைசி நிலைக்கு ஹார்னர் கூட்டறிகுறி என்று பெயர். கண்ணுக்குச் செல்லும் நுண்ணிய நரம்பிழைகள் நடுச்செவியின் சுவரை ஒட்டியே செல்வதால்தான் காது நோய் கண்ணில் தெரிகிறது. சிகிச்சைக்குப் பின்னும் இதே பெயரைச் சந்திக்க நேரும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்துவைத்தால் பெரிதும் உதவும். பூனை உறங்கும்போது எழும் சத்தத்தைக் கைப்பேசியில் ஒலியோடு பதிவு செய்யுங்கள், ஏனெனில் மருத்துவமனையின் பதற்றத்தில் அந்தச் சத்தம் அடங்கிப்போவது வழக்கம். அடுத்ததாக, உறங்கும் பூனையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள்; உறக்கத்தில் அது பொதுவாக முப்பதைத் தாண்டாது. குளிர்ந்த சிறு கண்ணாடியை மூக்கின் முன் பிடித்து, இரண்டு துவாரங்களுக்கும் இரண்டு ஈரத் தடங்கள் படிகின்றனவா என்றும் பார்க்கலாம். ஒன்று மட்டும் படிந்தால் அடைப்பு ஒரு பக்கமாகவும், இரண்டும் மங்கலாக இருந்தால் பின்புறத்திலும் இருக்கக்கூடும். இது ஒரு குறிப்புத்தானே தவிர முடிவு இல்லை. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, கழுத்தை நீட்டிக்கொண்டு படுக்க மறுத்தாலோ, இந்தச் சோதனைகளை எல்லாம் விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியில் பூனையை இறுக்கிப் பிடிக்காமல், காற்றோட்டமுள்ள கூடையில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

சளி என்றும் பூச்சி என்றும் நினைத்து ஏமாறுதல்

தொண்டைச் சதையைச் சளி என்றும், காதுச் சதையைக் காதுப்பூச்சி என்றும் நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதே இந்த நோயில் அதிகம் நடக்கும் தவறு. வைரஸ் சளியில் பெரும்பாலும் கண்ணும் சேர்ந்து ஒழுகும், காய்ச்சல் இருக்கும், வீட்டிலுள்ள மற்றப் பூனைகளும் தும்மும், ஓரிரு வாரத்தில் போக்கு மாறும். காதுப்பூச்சியில் காப்பித்தூளைப் போன்ற கறுப்பு அழுக்கு வரும். வழக்கமாக இரண்டு காதிலும் இருக்கும். நுண்ணோக்கியில் பூச்சியே தெரியும். உரிய மருந்துக்கு விரைவில் கட்டுப்படும். ஒரே காதில் தொடர்ந்து வடிவதும், நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கும் வரை குறைந்து நிறுத்தியதும் திரும்புவதும் சதையின் தன்மை. மருந்து அங்கே சேர்ந்த தொற்றை மட்டும் அடக்குகிறது. வேர் அப்படியே இருக்கிறது.

இந்த இடைக்காலத்தில் காதுக்குள் எதையும் ஊற்றாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். சதை வெளிக்காதுக்கு வந்திருந்தால் செவிப்பறை ஏற்கெனவே கிழிந்திருக்கும். ஊற்றுவது நேராக நடுச்செவிக்குள் இறங்கும். பூண்டு காய்ச்சிய எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு, பழைய சொட்டு மருந்துப் புட்டியில் மிச்சமிருப்பது எதுவும் வேண்டாம். ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை கலந்த சொட்டுகளும், குளோர்ஹெக்சிடின் கரைசலும் செவிப்பறை கிழிந்த காதில் கேட்கும் திறனையும் சமநிலையையும் கெடுக்கக்கூடியவை. பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடுவதும் கூடாது. வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டு கொடுத்தால்கூடப் பூனை இறந்துபோகலாம். அந்த மருந்தைப் பூனையின் உடலால் சரிவர முறிக்க முடியாது.

மருத்துவமனையில் கண்டறியும் முறை

விழித்திருக்கும் பூனையிடம் பார்க்கக்கூடியது குறைவு. மருத்துவர் வாயைத் திறந்து பார்க்கும்போது, மென்அண்ணம் கீழ்நோக்கிப் புடைத்திருந்தால் அதற்கு மேலே ஏதோ அழுத்துகிறது என்று ஊகிக்கலாம். காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியான ஓட்டோஸ்கோப் வழியாகக் காதில் சதை தெரிந்துவிடுவதும் உண்டு. உறுதிப்படுத்துவதற்குப் பூனையை முழு மயக்கத்தில் ஆழ்த்தியே ஆக வேண்டும். மயக்கம் என்ற சொல்லுக்கே அஞ்சி மாதக்கணக்கில் தள்ளிப்போடும் வீடுகளில், பூனை மெலிந்து, தொற்று முற்றி, மயக்கத்தைத் தாங்கும் வலுவை இழப்பதைக் கண்டிருக்கிறேன்; இந்த அச்சம்தான் பூனைக்கு அதிகம் கேடு செய்கிறது. இரத்தப் பரிசோதனையோடு, பூனை லுக்கேமியா வைரஸுக்கும் பூனை எதிர்ப்பாற்றல் குறைவு வைரஸுக்கும் சோதித்துக்கொள்வது நல்லது. முந்தைய இரவு முதல் எத்தனை மணி நேரம் உணவு நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். சிறு குட்டிகளை நெடுநேரம் பட்டினி போடக் கூடாது.

சதை காற்றுவழியை அடைத்திருக்கும் பூனைக்கு மயக்கம் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களே மிக நுட்பமானவை. முன்கூட்டியே ஆக்சிஜன் கொடுத்து, தொண்டை வழியாக மூச்சுக்காகச் செருகும் குழாய்களில் வழக்கத்தைவிட மெல்லியவற்றையும் கையருகே வைத்துக்கொண்டு, குழாய் நுழையாவிட்டால் கழுத்தில் மூச்சுத் துளையிடவும் ஆயத்தமாக இருக்கிற மருத்துவரிடம் இதைச் செய்துகொள்ளுங்கள். நேரடியாகக் கேட்பதில் தவறில்லை.

குழாய் போட்டு மூச்சு பாதுகாப்பானதும், மருத்துவர் மென்அண்ணத்தை விரலால் அழுத்திப் பார்க்கிறார். மேலே கெட்டியான உருண்டை தட்டுப்படும். பெண் பூனைக் கருத்தடையில் பயன்படும் மழுங்கிய கொக்கியால் மென்அண்ணத்தின் விளிம்பை முன்னோக்கி இழுத்துப் பிடித்தால், பின்னால் மறைந்திருக்கும் சதை கண்ணுக்குத் தெரியும். சிறு பல் கண்ணாடியோ வளைந்து திரும்பும் எண்டோஸ்கோப்போ இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பின்னர் இரண்டு காதுகளையும் கழுவிச் செவிப்பறை வரை பார்க்க வேண்டும். தொல்லை ஒரு பக்கம்தானே என்று மறு காதை விட்டுவிடக் கூடாது என்பதையும், காதில் சதை கிடைத்துவிட்டது என்று தொண்டையைப் பார்க்காமல் முடித்துவிடக் கூடாது என்பதையும் நான் மிகவும் வற்புறுத்துவேன்.

எக்ஸ்ரேயில் எலும்புக் குமிழின் சுவர் தடித்திருப்பதோ உள்ளே நிரம்பியிருப்பதோ தெரியலாம். எக்ஸ்ரே சரியாக இருப்பதால் மட்டும் நடுச்செவி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இங்கே சி.டி. ஸ்கேனுக்கு இணை இல்லை. எந்தப் பக்கக் குமிழ் நிரம்பியிருக்கிறது, சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது, எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை அது ஒரே முறையில் காட்டிவிடுகிறது. அறுவை தேவையா என்ற முடிவும் பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கிறது. கால்நடை மருத்துவமனைகளில் இந்த வசதி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் சிகிச்சையையே நிறுத்திவைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் சதையை முதலில் எடுத்துவிட்டு, போக்கைப் பார்த்து அடுத்த ஊருக்கு அனுப்பலாம். இதனால்தான், சதை தென்பட்டால் அதே மயக்கத்திலேயே அகற்றிவிடலாம் என்ற ஒப்புதலை முன்பே எழுதிக் கொடுத்துவிடுவது பூனைக்கும் பணத்துக்கும் நல்லது.

எடுத்த சதையைக் குப்பையில் போடாமல் ஃபார்மலினில் இட்டுத் திசு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இளம் பூனையில் ஐயம் குறைவுதான். எட்டு, பத்து வயதைக் கடந்த பூனையின் காதில் வளர்வது மெழுகுச் சுரப்பியின் புற்றாகவோ, தொண்டையில் வளர்வது லிம்போமா என்ற நிணநீர் அணுப் புற்றாகவோ இருக்க இடமுண்டு. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

இழுத்துப் பறித்தலும் குமிழைத் திறத்தலும்

முதல் முறை எளியது. சதையைக் காம்புக்கு எவ்வளவு அருகில் பிடிக்க முடியுமோ அவ்வளவு அருகில் இடுக்கியால் பற்றி, வெடுக்கென்று இழுக்காமல், மெல்ல முறுக்கிச் சீராக இழுத்துக்கொண்டே இருந்தால், நீண்ட வால் போன்ற காம்போடு அது கழன்று வருகிறது. நுனி அறுபட்டுத் துண்டு துண்டாக வந்தால் வேர் உள்ளே தங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். இரத்தம் சிறிது கசியும். துணி வைத்து அழுத்தினால் நின்றுவிடும். தொண்டைக்குள் வைத்த துணிகளை எண்ணி எடுத்துவிட்டு அதன் பிறகே பூனையை எழுப்ப வேண்டும். காதுப் பக்கமாக எடுத்திருந்தால், நடுச்செவியை வெதுவெதுப்பான உப்புக் கரைசலால் கழுவி, அந்த நீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது உண்டு. எந்த நுண்ணுயிர்க்கொல்லி வேலை செய்யும் என்பதை அந்தச் சோதனை சொல்லும்.

இப்படி இழுத்தெடுப்பதை மட்டும் செய்தால் சதை திரும்பி வருவது குறைவில்லை. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பூனைக்குத் திரும்பும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்வது நேர்மையான கணக்கு. தொண்டைச் சதையைவிடக் காதுச் சதையே அதிகம் திரும்புகிறது. எடுத்த பின் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசலோன் கொடுப்பது இந்த வாய்ப்பைக் குறைப்பதாகத் தெரிவதால், பல மருத்துவர்கள் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை இரண்டு வாரம் கொடுத்து, அதன் பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ள பூனைக்கு இது பொருந்தாமல் போகலாம் என்பதாலும், திடீரென நிறுத்துவது தீங்கு என்பதாலும், அளவை மருத்துவரே எழுதித் தர வேண்டும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

இரண்டாம் முறை, தாடைக்குக் கீழே கீறி, எலும்புக் குமிழின் அடிப்பகுதியைத் திறந்து, நடுத்தடுப்பையும் உடைத்து, இரண்டு அறைகளிலிருந்தும் சதையையும் அதைப் பெற்றெடுத்த உள்தோலையும் நீக்கும் அறுவை. வேரையே எடுப்பதால் மீண்டும் வருவது அரிதாகிறது. நூறு பூனைகளில் பத்துக்கும் குறைவு என்று சொல்லலாம். அதற்கான விலை நரம்புக் கோளாறு. நான் முன்பு சொன்ன நரம்பிழைகள் அங்கேயே கிடப்பதால், பாதிக்கும் மேற்பட்ட பூனைகளில் அறுவைக்குப் பின் ஹார்னர் கூட்டறிகுறி தோன்றுகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். வலி இல்லை, பார்வையும் கெடுவதில்லை. தலைச் சாய்வும் முகத்தின் ஒரு பக்கத் தளர்ச்சியும் சில பூனைகளிடம் ஏற்பட்டு, அவற்றுள் ஒரு சிலவற்றில் நிலைத்தும் விடுகின்றன. இரண்டு பக்கமும் அறுவை தேவைப்பட்டால், தொண்டை வீங்கி மூச்சு அடைபடும் இடர் கருதி, சில வார இடைவெளி விட்டுச் செய்வதையே நான் விரும்புகிறேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது? தொண்டையில் மட்டும் சதை இருந்து, ஸ்கேனில் குமிழ் தெளிவாக இருந்தால், இழுத்தெடுத்து பிரெட்னிசலோன் கொடுப்பதே போதுமான தொடக்கம். குமிழ் நிரம்பியிருந்தாலோ, தலைச் சாய்வு போன்ற நரம்பு அறிகுறி முன்பே இருந்தாலோ, ஒரு முறை எடுத்தும் திரும்பியிருந்தாலோ, குமிழைத் திறந்துவிடுவது நல்லது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில், செலவு தாங்காத வீட்டுக்கு முதல் முறையைச் சொல்ல நான் தயங்குவதில்லை. மூச்சு அன்றைக்கே திறந்துவிடுகிறது, திரும்பாத பூனைகளே அதிகம், திரும்பினாலும் அறுவைக்கு வழி மூடிவிடவில்லை.

வீடு திரும்பிய பின்

முதல் சில நாட்களுக்கு மென்மையான உணவை வெதுவெதுப்பாக்கி வையுங்கள். மணம் எழுந்தால்தான் பூனை தின்னும். ஒரு முழு நாள் எதுவும் தின்னாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும். சொறியாமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டலாம். தள்ளாடும் பூனையை மாடியிலும் மொட்டை மாடியிலும் விடக் கூடாது. தண்ணீர்த் தட்டையும் மணல் தட்டையும் எட்டும் தூரத்தில் வையுங்கள். கண் முழுமையாக மூடாமல் இருந்தால் அது உலர்ந்து புண்ணாகும், ஆகவே செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு தேவையா என்று கேளுங்கள். நுண்ணுயிர்க்கொல்லியாக டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதியிருந்தால், கொடுத்த கையோடு ஊசியில்லாத சிரிஞ்சில் சில மில்லி நீர் புகட்ட வேண்டும். உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கே புண்ணும் சுருக்கமும் உண்டாக்கும். நடுச்செவித் தொற்றுக்கு மருந்து வாரக்கணக்கில் நீளும். வடிதல் நின்றுவிட்டது என்று இடையில் நிறுத்திவிட வேண்டாம்.

இரண்டு வாரத்திலும், பிறகு இரண்டு மூன்று மாதத்திலும் காதைக் காட்டுங்கள். திரும்பும் சதை பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் தலைகாட்டும் என்பதால், அந்த ஆண்டு முழுவதும் மாதம் ஒரு முறையாவது இரவில் பூனை உறங்கும்போது அதன் மூச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த ஒலிப்பதிவை அழிக்காமல் வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அந்தப் பழைய கரகரப்பு மீண்டும் தொடங்கியதாகத் தோன்றினால், இன்னொரு சுற்றுச் சளி மருந்து கொடுத்துப் பார்க்காமல், திசு ஆய்வு அறிக்கையையும் ஸ்கேன் படங்களையும் எடுத்துக்கொண்டு, முதலில் பார்த்த மருத்துவரிடமே போங்கள்.